இஸ்திரிப் பெட்டியை நம்பிய கார்

பிப்ரவரி 2

அன்புள்ள திருகாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. எட்டாம் வகுப்போடு பேனாவை மூடியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அளவு நோட்டில் இடுப்பு முப்பத்தாறு, கை இருபத்து நாலு, இவ்வளவுதான். ஆகவே இந்தக் கடிதத்தில் எங்காவது தோள்பட்டை பதினெட்டு என்று வந்தால் கண்டுகொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் போனில் போட்ட சண்டைக்குப் பிறகு இங்கே சட்டம் மாறிவிட்டது. உன் அம்மா போனை என் காதிலிருந்து பிடுங்கியது உனக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. "இனிமே போன்ல உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா, அவ்வளவுதான். காரைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. பேசணும்னா ரெண்டு பேரும் எழுதிக்குங்க. பேப்பர் குறுக்கப் பேசாது" என்றாள். நான் அப்பீல் செய்து பார்த்தேன். அப்பீல் கோர்ட்டும் அவள்தான்.

இங்கே நாங்கள் நலம். குள்ளியும் நலம். காயலான் கடையிலிருந்து நீயும் நானும் கயிறு கட்டி இழுத்துவந்த அன்று அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார். இரண்டே சீட், இடுப்பு உயரம், உள்ளே ஏறுவதற்குப் பதிலாக இறங்க வேண்டும். 'இது காரா, காலணியா?' என்று அம்மா கேட்டாள். இன்று கேட்க மாட்டாள். ஏனென்றால் குள்ளிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. சிவப்பு. நல்ல, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. இரும்பு பீரோவுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பாரே, அவர்தான் அடித்தார். கடைக்குப் பின்னால் ஷெட்டின் கதவைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

டிசம்பரில் நீ வேலைக்குக் கிளம்பும் முன் ஷெட்டின் சுவரில் ஒட்டிவிட்டுப் போன பட்டியல் அப்படியே இருக்கிறது. மொத்தம் பதினோரு வேலை. அதில் முதல் வரி பிரேக், பதினோராவது வரி பெயின்ட் என்று எனக்கும் படிக்கத் தெரியும். ஆனால் பட்டியலைக் கீழிருந்து மேலேயும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒத்தை ஆளாக முடித்துக் காட்டுகிறேன் என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா? சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றிகரமான அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சிவப்பா?

பச்சை என்று பேசி வைத்திருந்தோம். சரி, நிறம் போகட்டும். அடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அது இரண்டாவது வரி. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் செய்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் உங்கள் கண்ணைப் பறிக்கிற சிவப்பு அப்பளம் மாதிரிப் பொரியும். அதனால்தான் பெயின்ட் கடைசி. இதை ரகசியமாக வைத்திருக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்தேன்.

காஜா எடுத்து, பட்டன் தைத்து, அப்புறமா துணியை வெட்டுவீர்கள்? உங்கள் கடையில் யாராவது வேலைக்காரர் அப்படிச் செய்தால் அவர் தலையில் கத்தரிக்கோல் பறக்காதா?

பிரேக் ஏன் முதலில் என்று மறுபடி எழுதுகிறேன், பேப்பர் குறுக்கே பேசாது என்பதால் முழுசாகப் படித்துத்தான் ஆகணும். குள்ளியின் பழைய எஞ்சின் வெடித்துப்போனது. அதற்குப் பதில் நாம் வாங்கி வைத்திருப்பது புதுக் காரின் எஞ்சின். பழையதைப் போல இரண்டு மடங்கு பலம். அவளுடைய பழைய பிரேக் பழைய எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புது எஞ்சினுக்கு அது பத்தாது. முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் மாற்றியே ஆகணும். "எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும்" என்று நீங்கள் போனில் கத்தியதற்கு இதுதான் என் பதில். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே வைப்பது பழமையைக் காப்பாற்றுவது ஆகாது.

முதலில் நிற்க வேண்டும். பிறகு தாங்க வேண்டும். பிறகு ஓட வேண்டும். மின்னுவது எல்லாவற்றுக்கும் பிறகு. எங்கள் பணிமனையில் பஸ்ஸுக்கும் இதே வரிசைதான்.

டிஸ்க் செட் முழுவதையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழாய், ஆயில், எல்லாம் உள்ளே இருக்கிறது. வேறு எதையும் தொடும் முன் அதை மாட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

பி.கு.: மூணு வயசில் அம்மா தோட்டின் திருகாணியை நான் முழுங்கியதற்கு இருபத்து மூன்று வருஷமாக என்னைத் திருகாணி என்று கூப்பிடுகிறீர்கள். நீங்கள் இப்போது செய்திருப்பதற்கு உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


பிப்ரவரி 17

அன்புள்ள திருகாணிக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். கத்தரிக்கோல் பறக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

நீ சொன்னதைக் கேட்டு வெல்டரை வரவழைத்தேன். கூலிக்கு வருகிற ஆள் கணக்கில் சேராது, ஒத்தை ஆள் சபதம் அப்படியே இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வெல்டர் குனிந்து அடியில் பார்த்தார், நிமிர்ந்து பெயின்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, இதுல எதை முதல்ல செஞ்சீங்க?" என்றார். "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம், நீ பத்தவை" என்றேன்.

பொரிந்தது. நீ சொன்ன மாதிரியே, இரண்டு கதவுக்குக் கீழேயும், ஒரு சாண் உயரத்துக்கு. பீரோக்காரர் வந்து பார்த்துவிட்டு, பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் வந்தால் பார்ப்பாய். வெல்டர் வரும் முன்பே நான் சீட் இரண்டையும் தைத்து மாட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே, கை சும்மா இருக்கவில்லை. பழுப்பு ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங், தையல் ஒவ்வொன்றும் எறும்பு வரிசை. அதன் மேல் ஒரு வெல்டிங் பொறி விழுந்தது. பக்கத்து சீட்டின் நடு முதுகில், கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. இரண்டு நாள் துக்கம். மூன்றாம் நாள் அதன் மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டேன். மூடி, பட்டன் எல்லாம் உண்டு. முதுகு சாயும் இடத்தில் பாக்கெட் வைத்த கார் உலகத்தில் வேறு இருக்காது. அம்மா கேட்டாள், "இதுல யாரு, என்ன வைப்பா?" பொறி ஏற்கனவே ஒரு ஓட்டையை வைத்துவிட்டது என்றேன்.

வரிசை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அளவு, வெட்டு, ஓட்டுத் தையல், போட்டுப் பார்த்தல், அப்புறம்தான் மிஷின். நாற்பது வருஷமாக மாற்றியதில்லை. அடுத்தவர் துணி என்றால் அந்தப் பொறுமை வருகிறது. என்னுடைய தீபாவளிச் சட்டை மட்டும் — அப்படி ஒன்று நான் தைத்ததே இல்லை என்று அம்மா இந்த இடத்தில் சேர்க்கச் சொல்கிறாள்.

எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கி உட்கார வைத்தாகிவிட்டது. உன் பார்சல் வந்தது. பத்திரமாக இருக்கிறது.

அப்பா


பிப்ரவரி 24

அப்பா,

"பத்திரமாக இருக்கிறது" என்பது என்ன பதில்? மாட்டியாகிவிட்டதா, இல்லையா? நீங்கள் மூன்று பக்கம் எழுதி அதில் பாக்கெட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். பிரேக்குக்கு அரை வரி.

இங்கே தினமும் காலையில் முப்பது நாற்பது பஸ் என் முன்னால் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் உருளை மேல் ஏற்றி, பிரேக்கை மிதித்துப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்டால்தான் வாசலைத் தாண்டும். டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "அக்கா, லேசா இழுக்குது, அவ்வளவுதான், விடுங்க, நேரமாச்சு." விட மாட்டேன். எனக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? நில்லு அக்கா.

ஏப்ரல் 18-ஆம் தேதியிலிருந்து ஆறு நாள் லீவு கிடைத்திருக்கிறது. குள்ளியை ஓட்டிப் பார்க்கத்தான் வருகிறேன். அதற்குள் எஞ்சின் ஓடாவிட்டால் பரவாயில்லை. பிரேக் இருக்கணும். ஒரு வரி பதில் போதும்: ஆச்சு, அல்லது ஆகலை.

மகள்


மார்ச் 7

அன்புள்ள திருகாணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

பிரேக் சமாச்சாரம் கிட்டத்தட்ட ஆச்சு.

ஒரு சந்தேகம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். குள்ளியின் இடது பக்க ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, அது தனியாகக் கிடைக்குமா? அப்புறம், தடுப்புச் சுவர் வைக்க எவ்வளவு கனமான பிளைவுட் நல்லது? கடையை அழகுபடுத்தலாம் என்று ஒரு யோசனை.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

அப்பா


மார்ச் 13

அப்பா,

அழகுபடுத்தலா?

அம்மாவிடம் போனில் கேட்டேன். "காரைப் பத்தி போன்ல பேச மாட்டேன், நானே போட்ட சட்டம்" என்றாள். பிறகு அவளே, "டிரையல் ரூமைப் பத்திக் கேளு, சொல்றேன். அது கார் இல்லையே" என்றாள். கேட்டேன். சொன்னாள்.

பிரேக் இல்லாமல் எஞ்சினை ஓட விட்டிருக்கிறீர்கள். பிளைவுட் சுவரை உடைத்துக்கொண்டு கார் கடைக்குள் வந்திருக்கிறது. உள்ளே ஒரு ஆள் நின்றிருக்கிறார். அதைப் பற்றி எனக்கு "வேறு ஒன்றும் விசேஷமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

யார் யாரோ போகிற நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். நான் கையெழுத்துப் போடாத ஒரே வண்டியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒத்தை ஆளாக முடித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நான் வரவில்லை, லீவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். குள்ளியின் இரண்டு சாவியில் என் பங்கு இந்தக் கவரில் இருக்கிறது. இனி அவள் உங்களுடைய கார்.

மகள்


மார்ச் 19

அன்புள்ள மகளுக்கு,

அம்மா கவரைப் பிரித்ததும் சாவி கடை மேஜையில் விழுந்தது. சின்னச் சத்தம்தான். மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். இரண்டு சாவியும் இப்போது அளவு நாடா மாட்டும் ஆணியில் தொங்குகின்றன. நாடாவை எடுக்கும்போதெல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்கின்றன.

மறைத்தது தப்பு. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன், பேப்பர் என்னைக் குறுக்கே தடுக்காது என்ற தைரியத்தில்.

அன்று செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர் புதுப் பேன்ட்டுக்கு அளவு பார்க்க வந்தார். ஓட்டுத் தையல் போட்ட பேன்ட்டைக் கொடுத்து டிரையல் ரூமுக்குள் அனுப்பினேன். அவர் மாட்டி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தில் பின்னால் போய் எஞ்சினை ஒரே ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு புத்தி வந்தது. புத்தி என்று மரியாதைக்கு எழுதுகிறேன்.

சக்கரத்துக்கு முட்டு வைக்காமல் விட நான் முட்டாள் இல்லை. வைத்தேன். கடையிலேயே கனமான சாமான் எதுவோ அதைத் தூக்கிவந்து முன் சக்கரத்தின் கீழே வைத்தேன். பழைய இஸ்திரிப் பெட்டி. ஏழு கிலோ. அசையாது என்று நினைத்தேன். நாற்பது வருஷமாக அதைக் கையில் பிடித்துத் தேய்க்கிறேனே, இஸ்திரிப் பெட்டி என்பதே வழுக்கிக்கொண்டு போவதற்காகச் செய்த சாமான் என்பது எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

உள்ளே இறங்கி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். கியரில் கிடந்ததைப் பார்க்கவில்லை. குள்ளி ஒரு உறுமல் உறுமினாள் பார், எனக்குப் புல்லரித்தது. புல்லரித்து முடிவதற்குள் கிளம்பிவிட்டாள். இஸ்திரிப் பெட்டி சிமென்ட் தரையில் அவளுக்கு முன்னால் மடிப்பு எடுத்துக்கொண்டே போனது. பிரேக்கை மிதித்தேன். காலி டப்பாவை மிதித்த மாதிரி கால் அடிவரை போயிற்று. அடுத்தது பிளைவுட்.

எஞ்சின் அடங்கியபோது குள்ளியின் மூக்கு டிரையல் ரூமுக்குள் இருந்தது. கண்ணாடிக்கு முதுகு காட்டி, ஒரு கால் பேன்ட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகப் பல் டாக்டர் நின்றிருந்தார். எத்தனையோ பேரை "வாயைத் திறங்க, இன்னும் பெரிசா" என்று படுத்தியவர். அன்று யாரும் சொல்லாமலே திறந்திருந்தார். அவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. பேன்ட்டில் குத்தியிருந்த குண்டூசி கீறியதைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இடுப்பு கொஞ்சம் லூஸா இருக்கு" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த ஒரு முழத்தை நான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன். நாடா இல்லாமலே. அதை நீ நினைக்கிற மாதிரி நானும் நினைத்தேன். அதனால்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை.

இப்போது அசல் விஷயம். கிட்டத்தட்ட ஆச்சு என்று எழுதினேனே, அது பொய்யில்லை. நீ அனுப்பிய பார்சலைப் பிரித்து டிஸ்க், குழாய் எல்லாம் மாட்டிவிட்டேன். உன் படத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வாரம். கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. ஆயிலை ஊற்றிக் குழாயில் அடைத்திருக்கும் காற்றை, அதான் ஏர், எடுக்க வேண்டும். டிசம்பரில் பட்டியலோடு நீ வைத்துவிட்டுப் போன தாளில் நீயே எழுதியிருக்கிறாய்: "ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்தின் பக்கம் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும்."

ஒருவர். ஒருவர்.

நீ கிளம்பிய பிறகு அதைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். பட்டியலில் கீழே ஒரு ஆள் செய்கிற வேலை எது எது என்று தேடிப் போனேன். பெயின்ட்டும் சீட்டும் அப்படி முதலில் வந்தவைதான். அழகுக்கு ஆசைப்பட்டேன் என்று நீ நினைத்தாய். அதுவும் உண்டு, ஆனால் முழுசாக அது இல்லை. முதல் வரியிலேயே நான் நின்றுபோனேன்.

பார்சலை மாட்டிய பிறகு, முதலில் என் மரக் கெஜக்கோலை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். கோல் ஒடிந்தது. கெஜக்கோல் இல்லாமல் மூன்று நாள் கடை நடத்தினேன். பிறகு உன் அம்மாவைக் கேட்டேன். "அது உங்க மக மிதிக்க வேண்டிய பெடல். நான் ஏன் மிதிக்கணும்?" என்றாள். வெல்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூலிக்கு வருகிற ஆள் கணக்கில் சேராதே. வாசல் வரை போய்க் கூப்பிடாமல் திரும்பிவந்தேன். ஒத்தை ஆள் சபதத்துக்காக இல்லை. அந்தப் பெடலில் வேறு ஒருத்தர் கால் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் உனக்கு வேலை வந்தபோது, "போ, எனக்கு யாரும் வேண்டாம், ஒத்தை ஆளா முடிச்சுக் காட்டறேன்" என்றேன். சந்தோஷம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாய் தைத்ததைப் பிரிக்க எனக்கு மூன்று மாதமும் ஒரு பிளைவுட்டும் ஆகியிருக்கின்றன.

லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே.

அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் பணிமனை கேன்டீனில் படித்தேன். பல் டாக்டர் இடத்தில் சிரித்தேன். கெஜக்கோல் இடத்தில் இன்னும் சிரித்தேன். அடுத்த பக்கத்தைப் படிக்கும்போது மேஸ்திரி வந்து, "என்ன நில்லு அக்கா, கண்ல ஆயில் பட்டுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு முழத்தை நானும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நானும் ஒன்று சொல்லணும்.

பிரேக்கை முதல் வரியில் எழுதியதற்குக் காரணம் பாதுகாப்பு என்று எழுதினேன். அது முக்கால் காரணம். டிசம்பரில் நான் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோதுதான் அந்தப் பட்டியலை எழுதினேன். இரண்டு பேர் செய்கிற வேலை முதலில் இருந்தால் அந்த வாரத்தில் சேர்ந்து செய்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். தினமும் சாயங்காலம் ஷெட்டில் ஜாக்கி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கடையை விட்டு வரவே இல்லை. நானும் வந்து கூப்பிடவில்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டேன். கோந்து நிறையவே பூசினேன், கோபத்தில்.

இன்னொன்று. ஒத்தை ஆளாகவே ஏர் எடுக்க ஒரு குழாய் இருக்கிறது. எந்த சாமான் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டினால் பெடலை மிதிக்க வேறு ஆள் வேண்டாம். பிரேக் வேலையே தொழிலாக இருக்கிற எனக்கு அது தெரியாமல் இல்லை. பட்டியலில் எழுதாமல் விட்டேன். பார்சலிலும் வைக்கவில்லை. இப்போதும் நீங்கள் அதை வாங்க வேண்டாம்.

லீவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த ஆபீசர் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் நான் போகவில்லை.

18-ஆம் தேதி காலை வருகிறேன். அதுவரை மூன்று வேலைதான் உங்களுக்கு. பேட்டரியைக் கழற்றிக் கடைக்குள் வையுங்கள். நாலு சக்கரத்துக்கும் மரக்கட்டை முட்டு, மரக்கட்டை, அப்பா, மரம். பல் டாக்டருக்கு இன்னொரு பேன்ட் தைத்துக் கொடுங்கள். என் சாவி ஆணியிலேயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

சீட்டில் பாக்கெட் வைத்தது நல்ல யோசனை. இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் திருகாணி


ஏப்ரல் 29

அன்புள்ள திருகாணிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? மழை பெய்ததா? சட்டப்படி இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டேன், இருந்தாலும் கை பழகிவிட்டது.

நீ போன பிறகு அம்மா ஷெட்டைக் கூட்டும்போது ஒரு விஷயம் சொன்னாள். பிரேக்குக்கு ஏர் எடுத்த அன்று அவள் வாசலில் நின்று நம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சக்கரத்தின் பின்னாலிருந்து உன் இரண்டு கால் மட்டும் தெரிகிறது. "மிதிங்க" என்கிறாய். மிதிக்கிறேன். "பிடிங்க." பிடிக்கிறேன். "பிடிச்சேன்" என்கிறேன். ஆயில் பொட்டுப் பொட்டென்று விழுகிறது. "விடுங்க." விடுகிறேன். ஒரு சக்கரத்துக்கு இருபது தடவை, நாலு சக்கரம். "ஒரு மணி நேரமா ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தீங்க, ஒரு சண்டை இல்ல. நீங்க அவ சொன்னதைக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. வீட்டுக்குள்ளயும் ஒரு பெடல் வச்சிடலாமா?" என்றாள்.

முதல் ஐந்து தடவை கால் சும்மா உள்ளே போயிற்று. பிறகு மெல்ல மெல்ல ஏதோ எதிர்த்து நிற்க ஆரம்பித்தது. கடைசியில் கல் மாதிரி நின்றது. அப்போது நீ கீழேயிருந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாய். நான் பதிலுக்கு இன்னும் நாலு தடவை மிதித்தேன், ஞாபகம் இருக்கிறதா? தேவையே இல்லை, அது நிற்பதை மறுபடி மறுபடி பார்க்க ஆசையாக இருந்தது.

முதல் ஓட்டத்துக்கு நான்தான் உன் பக்கத்தில் உட்காருவேன் என்று நினைத்திருந்தேன். நீ அம்மாவை உட்கார வைத்தாய். அப்போது கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் நின்று பார்த்தவனுக்குக் கிடைத்தது உங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. சரிவில் வேகமாக வந்து பேக்கரிக்கு முன்னால் நீ பிரேக்கைப் போட்டாய். குள்ளி கோடு போட்ட மாதிரி நின்றாள். அம்மாவின் பக்கம் பெடல் கிடையாது. ஆனாலும் அவள் வலது காலை நீட்டித் தரையில் ஓங்கி மிதித்தாள், இன்னும் கூரை இல்லாத கார், மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. தெருவில் நின்ற என் காலும் தானாக மிதித்தது; அன்று நம் வீட்டில் மூன்று பேரும் பிரேக் போட்டோம்.

இறங்கியதும் அவள் சொன்னது: "பொரிஞ்ச இடத்தைச் சரி பண்ணும்போது பச்சையே அடிச்சிடுங்க. சிவப்பு கண்ணைக் குத்துது." உன் வேலையா இது?

இப்போது முக்கிய விஷயம். போகும்போது நீ சீட்டின் பாக்கெட்டில் வைத்துவிட்டுப் போன புதுப் பட்டியலை நேற்றுத்தான் பார்த்தேன். மீதி வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒன்று அல்லது இரண்டு என்று ஆள் கணக்கும் போட்டிருக்கிறாய். ஒரு ஆள் வேலையை நான் செய்ய வேண்டும், இரண்டு ஆள் வேலை உன் லீவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அடியில் குறிப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆள் கணக்கில் நீ சில தப்புகள் செய்திருக்கிறாய். தொழில் அனுபவம் போதாது என்று நினைக்கிறேன். திருத்தி அனுப்பியிருக்கிறேன்:

ஒயரிங் மாற்றுவது: 2 ஆள். (ஒருவர் மாட்ட, ஒருவர் லைட் எரிகிறதா என்று முன்னால் நின்று பார்க்க.)

பழைய பெயின்டைச் சுரண்டிப் பச்சை அடிப்பது: 2 ஆள். (ஒருவர் அடிக்க, ஒருவர் இது பச்சையா என்று சந்தேகப்பட.)

ஹெட்லைட் வளையம் மாட்டுவது: 2 ஆள். ஒரே ஒரு திருகுதான், தெரியும். இருந்தாலும் 2.

மேல் துணிக் கூரை தைப்பது: நீ 1 என்று போட்டிருந்தாய். தையல்காரன் சொல்கிறேன், அளவு நாடாவின் இன்னொரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். 2.

நம்பர் பிளேட்: 2.

டயருக்குக் காற்று அடிப்பது: 2.

முன் கண்ணாடியைத் துடைப்பது: 2. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

இஸ்திரிப் பெட்டியை ஷெட்டிலிருந்து எடுத்துக் கடைக்குள் திரும்ப வைப்பது: 1. அதை உன் அம்மா செய்துவிட்டாள்.

அடுத்த லீவு எப்போது?

அப்பா